ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்று பணம் வாங்கிக்கொண்டு பிஎல்ஏ பிளாஸ்டிக் தந்தார்கள்: கேபினெட்டுக்குக் காற்றுக் குழல் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

கணினி கேபினெட்டுக்குள் கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேராக வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழல் ஒன்றைச் சென்னைப் புறநகரில் உள்ள ஒரு 3டி பிரிண்டிங் (பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காக அச்சிட்டுப் பொருள் செய்யும்) பட்டறையில் செய்யக் கொடுத்து, இரண்டு முறை ஏமாந்தேன். அந்தப் பட்டறையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதும் அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதும் இதே வேலையில் இறங்குபவர்களுக்குப் பயன்படும் என்பதால் அவற்றை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

என்னுடையது பழைய அலுவலகக் கேபினெட். முன்பக்கம் முழுவதும் தகடு. காற்று நுழைவதற்கு அடியில் ஒரு விரல் அகலப் பிளவு மட்டுமே இருந்தது. பக்கத் தகட்டில் வட்டமாக ஓட்டை வெட்டி, அதில் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றைப் பொருத்தி, அதன் காற்றைக் கார்டின் முழு நீளத்துக்கும் பரப்பும் விரிந்த வாயுள்ள குழலை வரைந்திருந்தேன். முதலில் தினசரிக் காலண்டரின் அட்டையை வெட்டி, டேப் ஒட்டி மாதிரி செய்து பார்த்ததில், விளையாடும்போது 84 டிகிரி வரை போய்க்கொண்டிருந்த கார்டு 76க்கு இறங்கியது. (பணம் கொடுத்து வாங்கிய குழலைவிட அந்த அட்டையே அதிக நாள் உழைத்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.)

குழலின் வாய் கார்டின் வெப்பத் துடுப்புகளுக்கு மிக அருகில் இருப்பதால் அதை ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில்தான் செய்ய வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதியே கேட்டிருந்தேன். மலிவான பிஎல்ஏ ஏறத்தாழ 60 டிகிரியில் இளகத் தொடங்கிவிடும். ஏபிஎஸ் ஏறத்தாழ 100 டிகிரி வரை தாங்கும். "செய்துவிடலாம் சார்" என்று பதில் வந்தது. ஏபிஎஸ்ஸுக்கான கிராம் விலையைச் சொன்னார்கள். முழுத் தொகையையும் யுபிஐயில் முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்டபோது, பொருளை வாங்கும்போது தருகிறோம் என்றார்கள். நானும் விட்டுவிட்டேன்.

ஐந்து நாள் கழித்து வந்த குழலில் விசிறியின் திருகுகள் ஒன்றுகூட உட்காரவில்லை. 120 மில்லிமீட்டர் விசிறி எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் அதன் திருகு ஓட்டைகளுக்கு இடையேயான தூரம் 105 மில்லிமீட்டர்தான். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன்: 100.8. தொலைபேசியில் கேட்டதற்கு, ஏபிஎஸ் ஆறும்போது சுருங்கும், அது அந்தப் பிளாஸ்டிக்கின் குணம், ஓட்டையை அரத்தால் கொஞ்சம் ராவிக்கொள்ளுங்கள் என்று பொறுமையாக விளக்கினார் உரிமையாளர். ஏபிஎஸ் சுருங்கும் என்பது உண்மைதான். பாதி உண்மை என்பதால்தான் அந்த விளக்கம் எடுபடுகிறது. ஆனால் அந்தச் சுருக்கம் பொதுவாக நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட எட்டாது. இங்கே குறைந்திருந்தது நூற்றுக்கு நான்கு. நான் வரைந்த நீளம் 228, வந்த நீளம் 218.9, வரைந்த உயரம் 60, வந்த உயரம் 57.6. எல்லாப் பக்கமும் துல்லியமாக 0.96 மடங்கு. அவர்களுடைய இயந்திரத்தில் பொருளை அச்சிடும் தட்டு 220 மில்லிமீட்டர் என்று தெரிந்த பிறகு கணக்கு நேராகிவிட்டது: தட்டில் அடங்காத வடிவத்தை மென்பொருளில் ஒரே சொடுக்கில் சிறிதாக்கி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அச்சிட்டிருக்கிறார்கள். குழலின் வடிவத்தை நான் அனுப்பிய எஸ்டிஎல் வகைக் கோப்பில் அளவின் அலகுகூட இருக்காது, வெறும் எண்கள்தான் இருக்கும். ஆகவே, கோப்பிலேயே அப்படித்தான் இருந்தது என்று வாதிடவும் அவர்களுக்கு இடமிருந்தது, வாதிடவும் செய்தார்கள். அளவுகள் குறித்த படத்தையும் சேர்த்து அனுப்பியிருந்ததால்தான் இரண்டாவது குழலைச் செய்து தர ஒப்புக்கொண்டார்கள்.

அதை வாங்க நேரில் போனேன். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான்கு இயந்திரங்களும் மூடியில்லாத திறந்த சட்டங்கள். மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. ஏபிஎஸ்ஸில் இவ்வளவு பெரிய பாகத்தை அப்படித் திறந்தவெளியில் அச்சிட்டால் மூலைகள் தட்டை விட்டு மேலெழும்பிவிடும். இயந்திரத்தைச் சுற்றி மூடிய, சூடான கூடு வேண்டும். மேலும், ஏபிஎஸ் உருகும்போது மூக்கை அரிக்கும் நெடி வரும். அங்கே லேசான இனிப்பு வாசனைதான் இருந்தது. இரண்டாக அச்சிட்டு ஒட்டப்பட்ட குழலில் 105 மில்லிமீட்டர் சரியாக இருந்ததைப் பார்த்த மகிழ்ச்சியில் மற்றதை நான் கவனிக்கவில்லை. பில் புத்தகம் தீர்ந்துவிட்டது என்றார்கள்.

மூன்றாவது வாரத்தில், ஏப்ரல் மாத மதியம் ஒன்றில் விளையாட்டை முடித்துவிட்டுச் சாப்பிட்டு வந்து மறுபடி தொடங்கியபோது, கேபினெட்டுக்குள் டக்டக் என்று சத்தம் கேட்டது. விளையாட்டை நிறுத்தியதும் கார்டின் விசிறிகள் தாமாக நின்றுவிடும். உள்ளே தேங்கிய சூடு நேராகக் குழலின் வாய்க்குத்தான் ஏறும். வாயின் கீழ் உதடு தொங்கிப்போய்க் கார்டின் விசிறி இதழில் உரசிக்கொண்டிருந்தது. ஓர் இதழின் நுனி பெயர்ந்துவிட்டது.

அதன் பிறகுதான் சோதனைகளைச் செய்தேன். தண்ணீரில் உப்பு கரையாமல் அடியில் தங்கும் வரை போட்டுக் கலக்கி, குழலின் விளிம்பிலிருந்து உடைத்த திடமான ஒரு துணுக்கை அதில் இட்டேன். ஏபிஎஸ் அந்த உப்புநீரைவிட லேசானது, மிதந்தாக வேண்டும். என் துணுக்கு மூழ்கியது. அசிட்டோன் தொட்டுத் தேய்த்தேன். ஏபிஎஸ் என்றால் சற்று நேரத்தில் பிசுபிசுத்துக் கரையும், இது அசையவில்லை. இந்த இரண்டும் அது ஏபிஎஸ் இல்லை என்பதை மட்டுமே சொல்லும், ஏனென்றால் பெட்ஜி (PETG) என்ற இன்னொரு பிளாஸ்டிக்கும் அந்த உப்புநீரில் மூழ்கக்கூடியது. பெட்ஜி இளக ஏறத்தாழ 80 டிகிரி வேண்டும் என்பதால், கொதித்த நீரை வெப்பமானி வைத்து 70 டிகிரிக்கு ஆறவிட்டு ஒரு கீற்றை அதில் நனைத்தேன். ஈரம்பட்ட அப்பளம் போல வளைந்தது. ஆக, அது பிஎல்ஏதான். முதல் குழலின் துண்டும் அப்படியே வளைந்தது. அதாவது, சுருங்கும் குணமுள்ள ஏபிஎஸ் என்று அவர் விளக்கிய குழலே ஏபிஎஸ் இல்லை.

காணொளிகளை அனுப்பிய பிறகு, சொல்லிச் செய்வித்த பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்று பதில் வந்தது. என் அளவுக்குச் செய்த பொருள் எனக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பதில் நியாயம். கேட்ட பொருளையே தராமல் வேறொன்றைத் தந்தவர் அப்படிச் சொல்ல முடியாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். பில் இல்லாத குறையை, ஏபிஎஸ் என்ற சொல் இருந்த வாட்ஸ்அப் உரையாடலும் யுபிஐ ரசீதும் ஓரளவு ஈடுசெய்தன. அதே வாரத்தில் பாதிப் பணம் வந்தது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2019ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது என்பதால் உடைந்த துண்டுகளைத் தேதி எழுதி எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது வேறோர் இடத்தில், முழுக் குழலுக்கு முன்பாக நான்கு ஓட்டைகள் மட்டுமுள்ள 3 மில்லிமீட்டர் தகடு ஒன்றைச் செய்யச் சொன்னேன். அதற்குச் செலவு மிகக் குறைவு. அங்கேயே நின்று வெர்னியரால் அளந்து, அச்சிடப் பயன்படுத்திய அதே பிளாஸ்டிக் சுருளிலிருந்து ஒரு முழம் இழையையும் கேட்டு வாங்கிவந்து உப்புநீரில் போட்டேன், மிதந்தது. அச்சிடும் தட்டின் அளவை முன்கூட்டியே கேட்டு, குழலை எங்கே இரண்டாகப் பிரிப்பது என்பதை நானே வரைந்து கொடுத்தேன். அவர்கள் தந்த பில்லில் பிளாஸ்டிக்கின் பெயரும் எடையும் இருக்கின்றன.

பழைய பட்டறையிடம் மீதிப் பணத்தைச் சென்ற வாரமும் கேட்டேன். அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளலாம் சார் என்கிறார்.