சுங்குடிச் சேலைக்கு ஏஐ விளம்பரம்: எழுதி வாங்குவதா, படம் கொடுத்து அசைப்பதா?

மதுரை தெற்கு மாசி வீதியில் சுங்குடிச் சேலை விற்கும் எங்களைப் போன்ற சிறு கடைகளுக்கும் இப்போது ரீல்ஸும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இல்லாமல் முடிவதில்லை. ஏஐ கருவிகளைக் கொண்டு அவற்றைத் தயாரிக்க இரண்டு வழிகள் உள்ளன. காட்சியை எழுத்தில் விவரித்து, முழு வீடியோவையும் கருவியின் பொறுப்பில் விட்டுவிடுவது ஒன்று. விற்கும் சேலையை நாமே படமெடுத்து, அந்தப் படத்தை முதல் ஃபிரேமாக, அதாவது வீடியோவின் தொடக்கப் படமாகக் கொடுத்து அதற்கு அசைவு தரச் சொல்வது மற்றொன்று. இரண்டையும் செய்து பார்த்த பிறகு எங்கள் கடை இரண்டாவது வழிக்கு வந்துவிட்டது. எனவே இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

செலவிலும் வேகத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. 2025 மே மாதம் கூகுள் அறிமுகப்படுத்திய வியோ 3, ரன்வே, க்ளிங் ஆகிய வீடியோ கருவிகள் எல்லாவற்றிலும் இரண்டு வழிகளும் உண்டு. இவை ஒரு முறைக்குச் சில விநாடிகளே கொடுப்பதால், அரை நிமிட விளம்பரத்துக்கு எப்படியும் பல துண்டுகளை ஒட்டியாக வேண்டும். தேறாத துண்டுக்கும் கிரெடிட் (கருவியைப் பயன்படுத்த நம் கணக்கில் இருக்கும் அளவு) கழியும் என்பதும் இரண்டுக்கும் பொதுவானது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்விதான்: வீடியோவில் தெரியும் சேலை கடை அலமாரியில் இருக்கிறதா? எழுத்தை மட்டும் கொடுக்கும்போது கருவி எங்கிருந்தோ ஒரு சேலைப் படத்தை எடுத்துத் தருவதில்லை. சிக்னல் இல்லாத டிவித் திரை போன்ற வெறும் இரைச்சலில் தொடங்கி, தான் கற்ற எண்ணற்ற படங்களின் சாயலில் புதிதாக ஒன்றை உருவாக்குகிறது. அதனால் மதுரைச் சுங்குடி என்று எழுதினால், எல்லாப் புள்ளியும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், அச்சடித்த துணி போல வந்து நிற்கிறது. துணியைக் கிள்ளி, நூலால் முடிச்சிட்டு, சாயத்தில் நனைத்து, பிறகு முடிச்சைப் பிரித்து வரும் புள்ளிக்கு விளிம்பு சற்றுக் கலங்கியிருக்கும். பக்கத்துப் புள்ளியோடு அளவு முழுதாக ஒத்துப்போகாது. 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தச் சேலையை விலை கொடுத்து வாங்குபவர் பார்ப்பது அந்த ஒழுங்கின்மையைத்தான். அதைத் துடைத்துவிட்டுக் காட்டும் விளம்பரம் பிரிண்ட் சேலைக்கு வேண்டுமானால் உதவும்.

இதோடு நிற்பதில்லை. முதல் துண்டில் அரக்கு பார்டரோடு வந்த சேலை, அடுத்த துண்டில் கரும்பச்சை பார்டரோடு வருகிறது. அப்படி ஒன்றை நாங்கள் ஸ்டேட்டஸில் போட்டபோது, ஒரு வாடிக்கையாளர் போனை நீட்டி, "அண்ணே, இந்த ரெண்டாவதா வர்ற பச்சை பார்டர்ல ஒண்ணு எடுங்க" என்றார். அப்படியொரு சேலை எந்தச் சாயப்பட்டறையிலும் நனைந்ததில்லை என்பதை அவருக்கு எப்படி விளக்குவது? நேரில் வந்தவரையாவது வேறு சேலையைக் காட்டிச் சமாளிக்கலாம். கூரியரில் வாங்குபவரிடம் அது திரும்பி வரும் பார்சலில்தான் முடியும். இல்லாத பொருளை இருப்பதாகக் காட்டுவது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்ற வரையறைக்குள் வரக்கூடும் என்பதையும் சிறு கடைக்காரர்கள் நினைவில் வைப்பது நல்லது.

படத்திலிருந்து தொடங்கும் வழியில் இந்தத் தொல்லை பெருமளவு குறைகிறது, ஆனால் அறவே நீங்குவதில்லை. விநாடிகள் நகர நகர முதல் ஃபிரேமின் பிடி தளர்ந்து, புள்ளிகள் ஒன்றோடொன்று கரையத் தொடங்கும். ஆகவே நாங்கள் துணியை அசைக்கச் சொல்வதில்லை. கேமரா மட்டும் மெதுவாக அருகே வரட்டும் என்று எழுதி, கிடைத்த துண்டில் முதல் மூன்று விநாடிகளையே வெட்டி எடுத்துக்கொள்கிறோம். முந்தானையை விரித்துக் காட்ட வேண்டுமானால், மடித்த நிலையில் ஒரு படமும் விரித்த நிலையில் ஒரு படமும் எடுத்து, முதல் ஃபிரேமாகவும் கடைசி ஃபிரேமாகவும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால், மடிப்புக்குள் மறைந்திருக்கும் பகுதியைக் கருவி தன் இஷ்டத்துக்கு நிரப்பிவிடும். படத்தை மொட்டைமாடியில், காலை வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் நிறம் ஏமாற்றாது.

பின்னணிக்கும் இதே கதைதான். மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஒன்பது நிலை கொண்டது. எழுத்தை நம்பிக் கேட்டால் வருவது ஏதோ ஒரு கோபுரம். வெளியூர்க்காரருக்கு அது உறுத்தாமல் இருக்கலாம், மாசி வீதியில் வளர்ந்தவர் ஒரு பார்வையிலேயே சிரித்துவிடுவார். விலையையும் கடைப் பெயரையும் கருவியிடம் எழுதச் சொல்வதும் வேண்டாம், தமிழ் எழுத்துகள் கொம்பும் காலும் இடம் மாறி வருகின்றன. அவற்றை இன்ஷாட், கைன்மாஸ்டர் போன்ற வீடியோ எடிட்டிங் ஆப்பில் தனி அடுக்காக ஏற்றினால், ஆடித் தள்ளுபடிக்கு ஒரு விலை, தீபாவளிக்கு ஒரு விலை என்று மாற்ற வீடியோவைத் தொடவே வேண்டியதில்லை.

எழுத்து வழிக்கும் இடம் உண்டு. சித்திரைத் திருவிழா வாழ்த்து போல, சரக்கு எதுவும் தெரிய வேண்டாத வீடியோவுக்கு அதுவே எளிது. முடிச்சுப் போடும் விரல்களைக் காட்ட வேண்டுமென்றால் இரண்டு வழியும் உதவாது, கேமராக்காரரைக் கூப்பிட்டுவிட வேண்டியதுதான். நான் சொல்வதெல்லாம் பருத்திச் சேலையை வைத்துத்தான். பட்டில் ஓரிரு முறை முயன்றதில், வெளிச்சம் படாத இடத்திலும் ஜரிகை மின்னியது, ஆனால் அதை வைத்து முடிவு சொல்ல மாட்டேன்.

எந்த வழியானாலும், உண்மை போலத் தோன்றும் ஏஐ காட்சியை அறிவிக்க வேண்டும் என்று 2024 மார்ச் முதல் யூடியூப் கேட்கிறது. ஸ்டேட்டஸில் போடும்போது நாங்களே கீழே ஒரு வரி எழுதி, அசைவில்லாத மூலப்படத்தையும் அடுத்ததாகச் சேர்த்துவிடுகிறோம்.