சாக்வில்: ஹாலிஃபாக்ஸில் எஞ்சி நிற்கும் கடைசிக் கொர்வெட்

இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் கடலைக் கடந்த சரக்குக் கப்பல் கூட்டங்களுக்குக் காவலாகச் சென்ற ஃப்ளவர் வகைக் கொர்வெட்டுகள் (சிறிய காவல் போர்க்கப்பல்கள்) 250-க்கும் மேற்பட்டவை. அவற்றில் இன்று எஞ்சியிருப்பது, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் அருங்காட்சியகமாகப் பேணப்படும் சாக்வில் மட்டுமே. போர்க்கப்பல் வரலாற்றில் ஆர்வமுள்ள எவரும் தவறவிடக் கூடாத இடம் இது.

திமிங்கில வேட்டைக் கப்பலின் அமைப்பைத் தழுவிக் கட்டப்பட்ட இக்கப்பலின் நீளம் சுமார் 62 மீட்டர்தான். மணிக்கு 16 கடல் மைல் என்ற இதன் வேகத்தை, நீர்மட்டத்தில் ஓடும் ஜெர்மானிய நீர்மூழ்கி எளிதாக மிஞ்சிவிடும். தளத்தில் நின்று பார்க்கும்போதுதான், இத்தனை சிறிய கப்பலை நம்பியா அவ்வளவு பெரிய கடலில் இறங்கினார்கள் என்ற மலைப்பு ஏற்படுகிறது.

1941 டிசம்பரில் பணியில் சேர்ந்த சாக்வில், 1942 ஆகஸ்டில் ஓஎன் 115 என்ற சரக்குக் கப்பல் கூட்டத்துக்குக் காவலாகச் சென்றபோது, நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் மூடுபனியினூடே யு-43, யு-552 ஆகிய இரு நீர்மூழ்கிகளையும் தாக்கிச் சேதப்படுத்தியது, இரண்டும் தப்பிவிட்டன. 1943 செப்டம்பரில் நிகழ்ந்தது பெருந்துயரம். கப்பலின் ஓசையைப் பின்தொடர்ந்து செல்லும் ஜெர்மானியரின் புதுவகை டார்பிடோக்களுக்கு செயின்ட் குரோய், பாலியாந்தஸ், இட்சன் ஆகிய மூன்று காவல் கப்பல்கள் இரையாயின. மூழ்கிய செயின்ட் குரோயிலிருந்து மீட்கப்பட்ட மாலுமிகளை இட்சன் ஏற்றிக்கொண்டிருந்தது. அதுவும் மூழ்கியபோது அவர்களில் ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார். அந்தக் கப்பல்களோடு காவலில் சாக்வில்லும் இருந்தது.

மறுசீரமைப்பு மிகுந்த அக்கறையோடு செய்யப்பட்டிருக்கிறது. ஆயினும் கப்பலுக்கு மீட்டளிக்கப்பட்டிருப்பது 1944-ஆம் ஆண்டுத் தோற்றம் என்பதைப் பார்வையாளர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் டெக்சாஸின் கால்வெஸ்டனில் இதன் முன்தளம் நீட்டப்பட்டது. அதற்கு முன்பு, பின்புறச் சமையலறையில் வாங்கிய உணவை, அலை வாரியடிக்கும் திறந்த தளத்தின் வழியே முன்புற அறைகளுக்குச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. போய்ச் சேரும்போது அது ஆறி, கடல்நீரில் நனைந்திருப்பது வழக்கம். சாக்வில் தன் கடும் சண்டைகளை நடத்தியது அந்தப் பழைய வடிவத்தில்தான். புதிய வடிவம் பெற்ற சில மாதங்களிலேயே கொதிகலன் பழுதாகி, கப்பல் கூட்டங்களுக்கான காவல் பணியிலிருந்து விலகிவிட்டது. ஆகவே இன்று நாம் நடந்து செல்லும் மூடிய பாதை, 1942-இன் மாலுமிகளுக்குக் கிட்டாத வசதி.

போருக்குப் பின் 1982 வரை கடலாய்வுக் கப்பலாக உழைத்ததால்தான் இது உடைப்புக்குப் போகாமல் தப்பியது என்பது என் கருத்து. 1985-இல் கனடாவின் கடற்படை நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஏணிகள் செங்குத்தானவை, வாயில்கள் குறுகலானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கப்பல் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதால், திறந்திருக்கும் காலத்தை விசாரித்துவிட்டுப் புறப்படுவது நல்லது.