சின்னப் பெட்டிக்குள் கணினி கட்டித் தருபவரிடம் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர், ரேடியோ, விளையாட்டுக் கன்சோல் ஆகியவற்றின் கூட்டை வெட்டி, அதற்குள் முழுக் கணினியைப் பொருத்தித் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்கள் பெருகிவிட்டார்கள். கைத்திறனும் நாணயமும் உள்ளவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். கணினி கட்டித் தருவதாகச் சொல்லி என் பழைய ஆம்ப்ளிஃபையரை வாங்கிப் போனவர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவர் பெயரைச் சொல்வதில் பயனில்லை, வேறு பெயரில் மறுநாளே கடை விரிப்பார். பெயர் மாறினாலும் அவர் வேலை செய்யும் விதம் மாறாது என்பதால் அந்த விதத்தையே எழுதுகிறேன்.

எந்தக் குறையைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "சார், சின்னப் பெட்டி என்றால் அப்படித்தான் இருக்கும்." சூடா? சின்னப் பெட்டி. திரை அணைகிறதா? சின்னப் பெட்டி. தொட்டால் ஷாக் அடிக்கிறதா? அதற்கும் சின்னப் பெட்டிதான்.

ஆனால் அந்தப் பெட்டி அவ்வளவு சின்னதும் அல்ல. எல்லாப் பாகங்களும் இணையும் பலகையான மதர்போர்டில் மினி-ஐடிஎக்ஸ் என்ற சிறிய ரகம் 170 மி.மீ. சதுரம். 2001இல் வியா நிறுவனம் கொண்டுவந்த அளவு அது, இன்றுவரை மாறவில்லை. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய ரகம் 125 மி.மீ. அகலம், 100 மி.மீ. நீளம், 63.5 மி.மீ. உயரம். முழு அகல ஆம்ப்ளிஃபையர் கூட்டுக்குள் இவை இரண்டும் தாராளமாகப் படுத்துக்கொள்ளும். கிராபிக்ஸ் கார்டை மட்டும் மதர்போர்டில் நேராகச் செருக முடியாது. மூடி இடிக்கும் என்பதால் அதைப் படுக்கவைத்து ரைசர் கேபிள் என்ற நீட்டிப்புக் கேபிளால் இணைக்க வேண்டும். திறமை தேவைப்படும் இடம் அது. மற்ற எல்லாவற்றுக்கும் தேவைப்படுவது பொறுப்பு.

என்னென்ன பாகங்கள் என்பதை எழுத்தில்தான் பேசி முடித்தோம். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசை பிராசசர், அதைக் குளிர்விக்க 47 மி.மீ. உயரக் கூலர், தகவலைச் சேமிக்கப் புதிய என்விஎம்இ எஸ்எஸ்டி, கேபிள்களைத் தனியே கழற்றிச் சொருகக்கூடிய மாடுலர் எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ், நான்காம் தலைமுறை ரைசர் கேபிள் என்று ஒவ்வொன்றும் பட்டியலில் இருந்தது. வேலை முடிந்ததும் மேல்மூடியைக் கழற்றி, உள்ளே விளக்கெரிய, அழகான படங்களை அனுப்பினார். கூடவே வெப்பநிலை காட்டும் ஒரு திரைப்பிடிப்பு. மிச்சப் பணம் கைமாறியது.

உயிருக்கு ஆபத்தானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணினி ஓடும்போது முன்பக்க அலுமினியக் குமிழைத் தொட்டால் விரலில் சுருசுரு என்றிருந்தது. ஈரக் கை என்றால் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. டெஸ்டரை வைத்தால் விளக்கு எரிந்தது. மூடியைத் திறந்து பார்த்தபோது காரணம் கண்ணெதிரே கிடந்தது. ஆம்ப்ளிஃபையரோடு பிறந்த பழைய இரண்டு கம்பி வயரையே கணினிக்கும் மின்வயராகப் பயன்படுத்தியிருந்தார். அதன் முனையில் ஒரு சாக்கெட்டைக் கட்டி எஸ்எம்பிஎஸ்ஸில் சொருகியிருந்தார். எர்த் கம்பி என்ற ஒன்று அந்தப் பெட்டியிலேயே இல்லை.

பழைய ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றுக்கு எர்த் தேவையில்லை என்பது உண்மை. அவை இரட்டைக் காப்பு முறையில் செய்யப்பட்டவை. பின்பக்கத்தில் சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி இருந்தால் அந்த ரகம் என்று பொருள். கணினி எஸ்எம்பிஎஸ் அந்த ரகம் அல்ல. அதன் உலோகக் கூடு எர்த்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற கணக்கில்தான் அதை வடிவமைக்கிறார்கள். மின் இரைச்சலை வடிகட்ட இரு மின்கம்பிகளிலிருந்தும் கூட்டுக்குச் சிறு மின்தேக்கிகள் வைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் அவற்றின் கசிவு அதன் வழியே போய்விடும். இல்லையென்றால் உலோகப் பெட்டி முழுவதும் மின்சப்ளையின் ஏறக்குறைய பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும். கசியும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருசுருப்போடு நிற்கிறது. ஆனால் உள்ளே ஏதாவது ஒரு கம்பியின் காப்பு தேய்ந்து கூட்டைத் தொட்டுவிட்டால், எர்த் வழி இல்லாததால் ஃபியூஸ் போகாது. அடுத்து யார் அந்தப் பெட்டியைத் தொடுகிறார்களோ, அவர் உடல்தான் அந்த வழி.

இதைக் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "மூன்று பின் சாக்கெட் வைத்தால் பழைய அழகு கெட்டுவிடும் சார்." அழகாம். என் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

அடுத்தது ரைசர் கேபிள். இதில்தான் அவர் தெரிந்தே செய்திருக்கிறார் என்பது வெளிப்பட்டது. வாங்கிய புதிதில் கணினி ஒழுங்காக ஓடியது. மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்த பிறகு விளையாட்டின் நடுவே திரை கறுத்தது. ஒலி மட்டும் சில நொடிகள் தொடரும், பிறகு எல்லாம் நின்றுபோகும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவைத் திறந்தால் ஹார்டுவேர் பிழைகள் வரிசை வரிசையாக இருந்தன, எல்லாம் கிராபிக்ஸ் கார்டை மதர்போர்டோடு சேர்க்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு பற்றியவை.

கார்டும் மதர்போர்டும் இணையும்போது இரண்டாலும் முடிந்த அதிகபட்ச வேகத்தைத் தாமே பேசி முடிவு செய்துகொள்கின்றன. நடுவில் கிடக்கும் கேபிளால் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள முடியாது. அது வெறும் கம்பி. பிசிஐ எக்ஸ்பிரஸ் மூன்றாம் தலைமுறையின் வேகம், தகவல் போகும் ஒரு பாதைக்கு நொடிக்கு 8 கிகா டிரான்ஸ்ஃபர், நான்காம் தலைமுறைக்கு 16. மூன்றுக்குச் செய்த கேபிளை நடுவில் வைத்தாலும் இரு பக்கமும் நான்கு என்றே ஒப்பந்தம் போட்டுவிடும், பிறகு கேபிள் திணறும். கேபிளை வெளியே எடுத்துப் பார்த்தேன். அதன் மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பை உரித்ததும் மூன்றாம் தலைமுறை என்று அச்சிட்ட எழுத்து தெரிந்தது.

அப்படியானால் தொடக்கத்தில் எப்படி ஓடியது? பயாஸில் அந்த இணைப்பின் வேகத்தை மூன்றாம் தலைமுறைக்கு மாற்றிப் பூட்டி அனுப்பியிருக்கிறார். நான் பயாஸைப் புதுப்பித்ததும் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பி, வேகம் தானியங்கிக்குப் போய்விட்டது. கேபிள் மாறி வந்துவிட்டது என்று அவர் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். டேப்பையும் பூட்டையும் சேர்த்துப் பார்த்த பிறகு நம்ப வழியில்லை. நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: 16 பாதைக் கார்டுக்கு மூன்றாம் தலைமுறை வேகமே பெரும்பாலும் போதும், விளையாட்டில் இழப்பு சொற்பம்தான். "மூன்றாம் தலைமுறைக் கேபிள் போடுகிறேன், விலையைக் குறைத்துக்கொள்கிறேன்" என்று கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பேன்.

அதே ரைசரின் சர்க்யூட் பலகையை நீளமான உலோகத் திருகால் கூட்டோடு முடுக்கியிருந்தார். அந்தத் துளையின் ஓரத்திலேயே 12 வோல்ட் செம்புப் பட்டை ஓடுகிறது. இது கற்பனைப் பயம் அல்ல. என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் எச்1 கேபினெட்டில் ரைசர் பலகையைப் பிடித்திருந்த திருகு இப்படித்தான் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டாக்கியது. முதலில் நைலான் திருகு அனுப்பிப் பார்த்தார்கள், அது போதாமல் 2021இல் அந்தக் கேபினெட்டையே திரும்பப் பெற்றார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே வந்த சிக்கல், கையால் துளை போடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த மிச்சக் கேபிள்கள் என்று ஒரு பை கொடுத்திருந்தார். அதிலிருந்த, டிரைவுகளுக்கு மின்சாரம் தரும் சாட்டா மின்கேபிளை எடுத்து என் பழைய 2.5 அங்குல எஸ்எஸ்டியை இணைத்தேன். எஸ்எஸ்டி அந்த நொடியே செத்தது. அந்தக் கேபிள் வேறொரு நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ்ஸைச் சேர்ந்தது. மாடுலர் கேபிள்களில் டிரைவ் பக்க முனைக்குத்தான் பொதுவான தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறது. ஒரே நிறுவனத்தின் இரு வரிசைகளுக்குள்ளேயே வேறுபாடு இருக்கலாம். பிளாஸ்டிக் உருவம் மட்டும் ஒத்துப்போகும், அதனால் கச்சிதமாகச் சொருகிக்கொள்ளும். ஐந்து வோல்ட் எதிர்பார்த்த இடத்தில் பன்னிரண்டு வோல்ட் பாய்ந்தால் எந்த எஸ்எஸ்டியும் பிழைக்காது. அதில் இருந்த படங்களின் நகல் வேறிடத்தில் இருந்ததால் தப்பித்தேன். "அந்தப் பையை நான் கொடுக்கவே இல்லை" என்றார். பையின் மேல் அவர் கையெழுத்திலேயே என் பெயர் இருக்கிறது.

வெப்பத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவர் அனுப்பிய திரைப்பிடிப்பு மூடி திறந்திருந்தபோது எடுத்தது. மூடியைப் போட்டால் கூலரின் விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை, அதற்கு நேர் மேலே துளையும் இல்லை. முகத்தில் தலையணையை அழுத்திக்கொண்டு மூச்சு விடச் சொன்ன கதைதான். ரைசன் 7000 வரிசை முழுச்சுமையில் 95 டிகிரியில் ஓடும்படியே வடிவமைக்கப்பட்டது என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அந்தப் பாதி உண்மையை அவர் கேடயமாகப் பிடித்துக்கொண்டார். முழுச்சுமைக்குச் சொன்னது அது. சும்மா ஒரு வீடியோ பார்க்கும்போதே 90ஐத் தாண்டினால் காற்றோட்டம் இல்லை என்றுதான் அர்த்தம். பட்டியலில் இருந்த 47 மி.மீ. கூலருக்குப் பதில் 37 மி.மீ. கூலரை வைத்திருந்ததும் அளந்து பார்த்தபோது தெரிந்தது.

இன்னும் சில: புதியது என்று தந்த என்விஎம்இ எஸ்எஸ்டி ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியிருப்பதை, டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் ஒரு நொடியில் காட்டிவிட்டது. மதர்போர்டைத் தூக்கினால் அடியில் அலுமினியத் தூள். அறுத்து முடித்த கூட்டை அவர் கழுவவே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, தனியாகச் செய்துகொடுத்த பொருளுக்குத் திரும்பப் பெறுதல் கிடையாது என்றார். வேண்டுமானால் ரைசரை மாற்றித் தருவதாகவும் அதற்குரிய விலையை நான் கொடுக்க வேண்டும் என்றும் பெருந்தன்மையாகச் சொன்னார். கார்டில் பணம் கட்டியிருந்ததால் வங்கியில் முறையிட்டேன். பாகங்களின் பட்டியல் எழுத்தில் இருந்தது. டேப் சுற்றிய கேபிள், எஸ்எஸ்டியின் மணிக்கணக்கு, கூலரின் உயரம் ஆகியவற்றின் படங்களையும் இணைத்தேன். அந்த மூன்றுக்குமான பணம் வந்தது. கூலி வரவில்லை. எர்த் இல்லாததை வங்கி கண்டுகொள்ளவே இல்லை, ஏனென்றால் பட்டியலில் எர்த் என்று ஒரு வரி இல்லை. யாராவது எழுதுவார்களா அப்படி? இனிமேல் எழுதுங்கள்.

எர்த்தோடு கூடிய மூன்று பின் இன்லெட் (பெட்டியில் மின்வயரைச் சொருகும் இடம்), அதிலிருந்து கூட்டுக்கு ஒரு தனி எர்த் திருகு, அந்தத் திருகின் கீழே பெயின்ட் சுரண்டியிருக்க வேண்டும் என்பதுவரை எழுதுங்கள். பவுடர் கோட்டிங்கும் அனோடைஸ் செய்த பூச்சும் மின்சாரத்தைக் கடத்தாது, மேலோட்டமாக முடுக்கினால் எர்த் இருந்தும் இல்லாததுதான். மல்டிமீட்டரை இன்லெட்டின் எர்த் பின்னிலும் கூட்டின் வெறும் உலோகத்திலும் வைத்து, தொடர்ச்சி இருப்பதை வீடியோவாகக் கேளுங்கள். வெப்பச் சோதனை மூடியைப் போட்டு, எல்லாத் திருகையும் முடுக்கி, பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து அரை மணி நேரமாவது முழுச்சுமையில் ஓடிய பிறகு எடுத்ததாக இருக்கட்டும். ரைசரின் அச்செழுத்து தெரியும் படமும், பயாஸில் இணைப்பு வேகம் தானியங்கியில் இருக்கும் படமும் கேளுங்கள். எஸ்எம்பிஎஸ் கேபிள்கள் உறை பிரிக்காத பெட்டியோடு வரட்டும். நேர்மையானவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். பிறகு நான் அணுகிய இன்னொருவர், நான் கேட்கும் முன்பே இவற்றில் பாதியை அனுப்பினார். இப்போது அதே கூட்டுக்குள் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மேல்மூடியில் மட்டும் வரிசையாகத் துளைகள் போட வேண்டியிருந்தது.

முதலாமவர் என் பெட்டியின் படத்தை இன்னும் தன் வேலைக்குச் சான்றாகக் காட்டிக்கொண்டிருக்கிறார்: வெள்ளி நிற முகப்பு, இரண்டு பெரிய குமிழ்கள், மூடி கழற்றிய நிலை. பக்கத்தில் இப்போது ஒரு மர ரேடியோவும் சேர்ந்திருக்கிறது, அதன் பின்பக்கப் படத்திலும் இரண்டு கம்பி வயர்தான் தெரிகிறது. அதை வாங்கப் பேசிக்கொண்டிருப்பவர் இதைப் படித்தால், முன்பணம் கொடுக்கும் முன் அந்த வயரைப் பற்றிக் கேளுங்கள்.