லைக் நிறைய, ஆள் குறைவு: ஒரு சிறிய தொண்டு அமைப்பின் சமூக ஊடக அனுபவம்

மாணவர்களின் படிப்புக்கு உதவும் சிறிய தொண்டு அமைப்பு ஒன்றின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் கணக்குகளைப் பல வருடங்களாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இதற்குச் சம்பளம் கிடையாது, விளம்பரத்துக்கென்று தனியாகப் பணமும் கிடையாது. இதே நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஃபேஸ்புக். பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று 2018 ஜனவரியில் அறிவித்தார்கள். அமைப்புகளின் பக்கங்கள் காசு கட்டாமல் போடும் பதிவு, பின்தொடர்பவர்களில் கொஞ்சம் பேருக்குத்தான் போய்ச் சேருகிறது. ஆட்கள் தாங்களாகவே பகிர்ந்தால்தான் அது நகரும். எழுத்தறிவு தினம், ஆசிரியர் தினம் என்று வாழ்த்துப் படம் போட்டால் லைக் விழும், ஒருவரும் பகிர மாட்டார்கள். அதையெல்லாம் நிறுத்தி ரொம்ப நாளாகிறது. ஏன் நிறுத்தினீர்கள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

எதைப் பகிர்கிறார்கள்? ‘தன்னார்வலர்கள் தேவை’ என்று பொதுவாகப் போட்டால் ‘வாழ்த்துகள், தொடருங்கள்’ என்று நாலு கமெண்ட் வரும். ‘பத்தாம் வகுப்புக் கணக்கு சொல்லித்தர இரண்டு பேர் வேண்டும், சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், தேர்வு வரைக்கும்’ என்று போட்டால், நண்பர் பெயரை டேக் செய்து ‘நீ போகலாமே’ என்று எழுதுகிறார்கள். எவ்வளவு நேரம், எத்தனை நாள் என்று தெரிந்தால்தான் ஒருவர் தன்னால் முடியுமா என்று யோசிக்கவே தொடங்குகிறார்.

இன்ஸ்டாகிராமில் இளைஞர்கள் கிடைப்பார்கள், பணம் கிடைப்பது கஷ்டம். பதிவின் கீழே எழுதும் இணைப்பைத் தட்டினால் திறக்காது. பயோவுக்கு, அதாவது கணக்கின் அறிமுகப் பகுதிக்குப் போய்த் தேட வேண்டும், அதற்குள் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். ஸ்டோரியில் இணைப்பு ஸ்டிக்கர் வைப்பது பரவாயில்லை. ரீல்ஸில் எது ஓடும் என்று சொல்லவே முடியாது. நாங்கள் போட்டதில் அதிகம் பேர் பார்த்தது, நூலகப் புத்தகங்களுக்கு ஒருவர் அட்டை போடும் காட்சி.

உண்மையில் அமைப்பை ஓட்டுவது வாட்ஸ்அப்தான். குழுவைச் சொல்லவில்லை, அது சீக்கிரமே காலை வணக்கப் படங்களில் மூழ்கிவிடும். ஒலிபரப்புப் பட்டியலை (பிராட்காஸ்ட் லிஸ்ட்) சொல்கிறேன், ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி அது. ஒரு பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் நன்கொடைக்கு ரசீது அனுப்பும்போதே எண்ணைச் சேமித்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறோம். பதில் போட்டால் அது நமக்கு மட்டும் தனியாக வரும் என்பதால் கூச்சமில்லாமல் கேள்வி கேட்கிறார்கள். வாட்ஸ்அப் சேனலில் அந்த வசதி இல்லை. அறிவிப்புக்கு மட்டும் சரி.

பட்டியலில் பெரும்பாலும் கணக்குத்தான் சொல்கிறோம். ‘போன மாதம் கேட்ட தேர்வுக் கட்டணம் கட்டியாயிற்று, ரசீதுப் படம் இணைத்திருக்கிறோம், மீதிப் பணம் நோட்டுப் புத்தகத்துக்குப் போகிறது.’ அவ்வளவுதான். இப்படி ஒரு செய்தி போன பிறகு, கேட்காமலேயே மறுபடி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கும்போது மட்டும் நினைவு வைத்துக்கொள்கிற சொந்தக்காரரை யாருக்குத்தான் பிடிக்கும்?

நிர்வாகக் குழுவில் யாராவது அவ்வப்போது 2014 ஐஸ் பக்கெட் சவாலை ஞாபகப்படுத்துவார்கள், தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வீடியோ போட்டார்களே, அது. அந்தக் கோடையில் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காக இயங்கும் அமெரிக்கச் சங்கத்துக்கு சுமார் 11.5 கோடி டாலர் வந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சங்கம் திட்டம் போட்டுத் தொடங்கியது அல்ல அது. அதில் எனக்குப் பிடித்தது தண்ணீர் இல்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். நண்பரை டேக் செய்வதும் அதே வேலைதான், சின்ன அளவில்.

படங்கள் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். அழுகிற பிள்ளையின் முகத்தைப் போட்டால் பணம் சீக்கிரம் வரும், தெரியும். அந்தப் பிள்ளை நாளைக்குக் கல்லூரிக்குப் போகும்போது கூடப் படிப்பவர்கள் தேடினால் அந்தப் படமும் கிடைக்கும். பெற்றோர் சம்மதம் தந்தாலும், உதவி வாங்கும் இடத்தில் இருப்பவர் ‘வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வார்? அதனால் கைகள், நோட்டு, கரும்பலகை, சொல்லித்தருபவரின் முகம் என்று நிறுத்திக்கொள்கிறோம். இதனால் லைக் குறைந்தது. பணம் குறைந்த மாதிரி தெரியவில்லை.

அப்புறம் நடைமுறை விஷயங்கள். பக்கத்துக்குக் குறைந்தது இரண்டு அட்மின் வேண்டும், இரண்டு பேரும் இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்பது) போட்டிருக்க வேண்டும். ஒரே ஒருவர் கையில் சாவி இருந்து அவர் விலகிப் போனால் பக்கத்தை மீட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ள உதவும் மெட்டா பிசினஸ் சூட்டில், பதிவுகள் எப்போது வெளியாக வேண்டும் என்று முன்கூட்டியே இலவசமாகக் குறித்து வைக்கலாம். ஞாயிறு மாலை உட்கார்ந்தால் வாரம் முடிந்தது. மிச்சமாகும் நேரம் இன்பாக்ஸுக்குப் பதில் சொல்லப் போகிறது.

எக்ஸில் (பழைய ட்விட்டர்) ஒரு கணக்கு இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் யாராவது தேடினால் கிடைக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறோம்.