வெங்கச்சங்கல்லில் கருவி செய்வது: சில வருட அனுபவம்

மதுரைப் பக்கம் இருந்துகொண்டு கல்லாயுதம் செய்து பழக ஆசைப்படுகிறவர்களுக்குக் கையில் கிடைப்பது வெங்கச்சங்கல்தான், அதாவது வெள்ளைக் குவார்ட்ஸ். வீடியோக்களில் தட்டத் தட்ட அகலமான சில்லுகள் அழகாகக் கழன்று விழுகின்றனவே, அது ஐரோப்பாவின் சிக்கிமுக்கிக் கல், இல்லையென்றால் அமெரிக்காவின் எரிமலைக் கண்ணாடி. நம் மண்ணுக்கு அடியில் கிடப்பது சார்னோகைட், நைஸ் என்கிற கடினப் பாறைகள். அவற்றின் ஊடே வெள்ளை வெள்ளையாக ஓடும் குவார்ட்ஸ் நரம்புகள்தான் நமக்குக் கிடைத்த மூலப்பொருள். மேலூர், உசிலம்பட்டி பக்கம் செம்மண் காட்டை உழும்போது இந்தக் கல் கிளம்பி வரும். பொறுக்கி வரப்போரம் குவித்து வைத்திருப்பார்கள். அந்தக் கல்லோடு சில வருடங்களாக மல்லுக்கட்டியதில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வெங்கச்சங்கல் மோசமான கல் இல்லை. அதைச் சிக்கிமுக்கி மாதிரி கையில் பிடித்துத் தட்டிப் பெரிய கைக்கோடரி எடுக்கப் பார்ப்பதுதான் வீண் வேலை. இன்னொரு கல்மேல் நிற்க வைத்து, மேலிருந்து அடித்து, சின்னச் சின்ன சில்லாக எடுத்தால் அது கேட்டதைக் கொடுக்கும்.

இந்தக் கல்லோடு ஏன் இவ்வளவு சண்டை? சிக்கிமுக்கியில் படிகங்கள் கண்ணுக்கே தெரியாத அளவு பொடியானவை. அதனால் அடியின் விசை தடையில்லாமல் ஒரே சீராகப் பரவி, சிப்பி ஓடு போன்ற வளைவோடு பிளக்கும். நரம்புக் குவார்ட்ஸில் படிகங்கள் பெரிது. மலை அழுத்தத்தில் நசுங்கி உள்ளுக்குள் ஏற்கெனவே ஆயிரம் விரிசல். விசை ஒவ்வொரு விரிசலிலும் முட்டித் திசை மாறிவிடும். அந்த வெள்ளை நிறமே உள்ளே சிக்கிய நுண்ணிய திரவத் துளிகளால் வருவது. ஆகவே எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு சந்தேகப்படுங்கள். லேசாக ஒளி ஊடுருவுகிற, எண்ணெய்ப் பளபளப்பு உள்ள கல்லே வேலைக்கு ஆகும். செம்பழுப்புக் கோடு ஓடினால் அந்த விரிசலில் தண்ணீர் இறங்கி இரும்புக்கறை படிந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

வெளியே தெரியாத விரிசலுக்கு ஒரு வழி உண்டு. கல்லை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டு எடுத்து நிழலில் வையுங்கள். மேற்பரப்பு காய்ந்த பிறகும் விரிசல்களில் ஈரம் நிற்கும். கறுப்புக் கோடுகளாகத் தெரியும். கோடு ஒன்றிரண்டு என்றால் அதன் வழியாகவே பிளந்து இரண்டு நல்ல கல்லாக்கலாம். வலை மாதிரி தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

சத்தமும் சொல்லும். எங்கள் தெருவுக்கு அம்மி கொத்த வந்த பெரியவர் நான் சேர்த்து வைத்திருந்த கற்களில் ஒன்றை எடுத்து உளியின் பின்பக்கத்தால் தட்டினார்.

“தம்பி, இது செத்த கல்லு. சத்தத்தைக் கேளுங்க.”

“எப்படிங்கய்யா சொல்றீங்க?”

“உயிரோட இருந்தா கணீர்னு பேசும். இது பொத்துன்னு விழுகுது பாருங்க.”

குவியல் முழுவதையும் அப்படித் தட்டிப் பார்த்துப் பாதிக்கு மேல் ஒதுக்கிவிட்டார். அன்றிலிருந்து எந்தக் கல்லையும் தட்டிக் கேட்காமல் வேலைக்கு எடுப்பதில்லை. சிற்பம் செய்கிற ஸ்தபதிகளும் ஓசையை வைத்தே ஆண் கல், பெண் கல் என்று பிரிக்கிறார்கள். பாறை வேறு என்றாலும் காதுக்கு வேலை ஒன்றுதான்.

சரி, உடைக்கும் முறைக்கு வருவோம். பட்டறைக் கல்லாக நான் வைத்திருப்பது உடைந்துபோன பழைய அம்மி ஒன்று. அதன் நடுவில் சின்னப் பள்ளம் விழுந்திருக்கிறது, அது நல்லதுதான். கல் வழுக்காமல் நிற்கும். எலுமிச்சை அளவுள்ள கல்லை நீளவாக்கில் நிறுத்தி, இடது கை விரல்களைத் தோல்துண்டு சுற்றிப் பக்கவாட்டில் மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல்முனையில் செங்குத்தாக அடி. வேகத்தைவிட நேர்த்தி முக்கியம். அடி சாய்ந்தால் முனை பொடியாகும், கீழே ஒன்றும் நடக்காது. சரியாக விழுந்தால் மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே நேரத்தில் விசை ஓடும். கற்கண்டு உடைகிற மாதிரி ஒரு நறுக் சத்தம். விரலைத் திறந்தால் மூன்று நான்கு சில்லுகள், நேரான மெல்லிய விளிம்போடு. இருமுனைத் தட்டல் என்று தொல்லியலில் சொல்வது இதைத்தான்.

தட்டும் கல்லில் சிக்கனம் பார்க்காதீர்கள். கிரானைட் உருண்டை மணி மணியாக உதிர்ந்து சீக்கிரம் வாய் மழுங்கிவிடும். எனக்கு நிலைத்து உழைத்தது இறுகிய நுண்மணியுள்ள கறுப்பு உருண்டைக் கல், உள்ளங்கையில் அடங்கும் அளவு. வெளிநாட்டுக்காரர்கள் மான்கொம்பு வைத்துத் தட்டுவார்கள். நாம் அதைத் தேடவே கூடாது; 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான், கடமான் கொம்பை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அதற்குப் பதிலாக எர்த் போடுகிற தடித்த செம்புக் கம்பியை மரப்பிடியில் செருகிக்கொண்டேன். விளிம்பை அழுத்தித் திருத்த அது போதும். ஆனால் அழுத்தித் திருத்துவது பாட்டில் கண்ணாடியிலும் தெளிந்த படிகத்திலும்தான் சுகமாக வரும். பால்வெள்ளைக் கல்லில் விளிம்பு நொறுங்கும்.

பாட்டில் அடிப்பாகத்தில் பழகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கோணமும் விசையும் கைக்குப் பிடிபடத் தாராளமாகப் பழகலாம். ஆனால் கண்ணாடி ஒரே சீரான பொருள், எங்கே தட்டினாலும் பதில் சொல்லும். அதிலேயே ரொம்ப நாள் இருந்துவிட்டு வெங்கச்சங்கல்லுக்கு வந்தால் கை கல்லைப் படிக்க மறுக்கிறது. இரண்டையும் சேர்த்தே பழகுங்கள்.

நெருப்பில் சுட்டுப் பதப்படுத்துவதும் இந்தக் கல்லுக்கு ஆகாது. சேர்ட், சூதுபவளம் மாதிரி நுண்மணிக் கற்களை மெதுவாகச் சூடேற்றினால் நன்றாக உடையும். சூதுபவளத்துக்கு நிறமும் கூடும். குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் படிக அமைப்பு மாறிப் புடைக்கும், இருக்கிற விரிசலெல்லாம் வாய் திறக்கும்.

உழைப்பு என்று பார்த்தால் இந்தக் கல்மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டேதான் போகிறது. கண்ணாடிச் சில்லு முதல் வெட்டுக்கு அதைவிடக் கூர்மை. மீன் வயிற்றைக் கிழிக்கக் கண்ணாடியே மேல், ஆனால் துணுக்கு உடைந்து உள்ளே தங்கிவிடும் என்பதால் சாப்பாட்டு வேலைக்கு நான் தொடுவதில்லை. மூங்கில் சீவ, பனையோலை கிழிக்க, தேங்காய்நார்க் கயிறு அறுக்க என்று வந்துவிட்டால் வெங்கச்சங்கல் கிட்டக்கூட மற்றது நிற்காது. கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்கிற மோஸ் அளவில் இது 7. ஜன்னல் கண்ணாடி அதற்கு நன்றாகக் கீழே. ஒரே சில்லை வைத்து மூங்கில் அம்புத்தண்டு சீவிக்கொண்டே இருக்கலாம், விளிம்பு மழுங்க நேரமாகும்.

தேரிக்காட்டுக் கருவிகளை நினைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கத்துச் செம்மணல் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளை 1956இல் தொல்லியலாளர்கள் சாய்னரும் ஆல்சினும் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். குவார்ட்ஸும் சேர்ட்டும்தான் அங்கே கல். ஆனால் 1863இல் சென்னைப் பக்கம் பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்ததும், அத்திரம்பாக்கத்தில் குவியலாக வந்ததும் குவார்ட்சைட் கருவிகள், அதாவது குவார்ட்ஸ் மணல் இறுகிப் பாறையான வேறு கல். அந்தப் பாறை பெரிய சில்லு தரும், அதனால் கைக்கோடரி. நரம்புக் குவார்ட்ஸ் சின்ன சில்லு தரும், அதைப் பிடியில் பதித்துக்கொள்ளலாம். அம்மி முன்னால் உட்கார்ந்து தட்டிப் பார்க்கிறவனுக்கு, கருவி சின்னதாக இருப்பது கைத்திறன் குறைவால் அல்ல என்று தெளிவாகப் புரியும்.

பிடியில் பதிக்க நாட்டுமருந்துக் கடைக் குங்கிலியம், தேன்மெழுகு, கரித்தூள் மூன்றையும் உருக்கிப் பிசைந்து பயன்படுத்துகிறேன். மார்கழியில் ஜோராக நிற்கும் கலவை சித்திரை வெயிலில் இளகிச் சில்லு ஆட ஆரம்பிக்கும். மதுரைக்கு மெழுகைக் குறைத்து, கரித்தூளைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

தூசி விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். குவார்ட்ஸ் என்பது முழுக்கச் சிலிக்கா. அதன் நுண்தூசி நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ் வரும், வந்தால் குணப்படுத்த முடியாது. கல்குவாரிகளில் வேலை பார்த்தவர்கள் அனுபவிக்கிற நோய் அது. மூடிய அறை வேண்டவே வேண்டாம். திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி, நனைத்த சாக்கின்மேல் உட்காருங்கள். என்95 முகக்கவசமும் பக்கவாட்டையும் மூடுகிற கண்ணாடியும் கட்டாயம். முடித்ததும் பெருக்காதீர்கள், தண்ணீர் தெளித்து வாரி எடுங்கள். அந்த உடுப்போடு பிள்ளைகளைத் தூக்காதீர்கள்.

கல்லுக்கு எங்கே போவது? சமணர் படுகை உள்ள மலைகளில் கூழாங்கல்கூட எடுக்க வேண்டாம். கீழக்குயில்குடி, யானைமலை எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர், அங்கேயும் கை வைக்காதீர்கள். காட்டுக்காரரிடம் கேட்டு வரப்போரக் குவியலில் எடுப்பதே நல்லது. அலங்காரத் தோட்டத்துக்கு விற்கிற வழுவழுப்பான வெள்ளைக் கல் பார்க்க அழகு, தட்டினால் தோலிலிருந்தே நொறுங்குகிறது. பொறுக்கும்போது பழைய கருவி போல ஏதாவது கண்ணில் பட்டால் எடுக்காமல் இடத்தைக் குறித்துப் படம் பிடித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

கழிவைக் காட்டில் கொட்டிவிட்டு வருகிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். நாளைக்கு ஆய்வுக்கு வருகிறவர் நம் சில்லையும் ஆதி மனிதன் சில்லையும் எப்படிப் பிரிப்பார்? வீட்டுக் கொல்லையில் ஒரே குழி தோண்டி, அடியில் உடைந்த பாட்டில் துண்டும் இந்த வருடத்து நாணயம் ஒன்றும் போட்டு, அதன்மேல் கொட்டி மூடுங்கள். செய்து முடித்த கருவியிலும் தட்டாத பக்கத்தில் வருடத்தை எழுதி வையுங்கள். டைல்ஸில் குறி போடுகிற வைரமுனைப் பேனா அதற்குப் போதும்.