மீன் எண்ணெயா, செம்பனை எண்ணெயா?

சுங்கை சிப்புட்டில் மாமாவின் திலாப்பியா மீன் குளத்துக்கு வேலி தாண்டினால் செம்பனைத் தோட்டம். தீவனத்தை அவரே கலந்து அரைப்பார். அதில் சேர்க்கும் மீன் எண்ணெயின் வாடை இரண்டு நாளுக்குக் கையை விட்டுப் போகாது. "பக்கத்துலயே செம்பனை இருக்கே, அந்த எண்ணெயை ஊத்தினா என்ன?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் இங் விங் கியோங் இதைத்தான் ஆராய்ந்தார். மீன் எண்ணெயில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு நிறைய, விலையும் அதிகம். செம்பனையில் அந்தக் கடல்வகை ஒமேகா-3 கிடையாது. ஆனாலும் திலாப்பியா நன்றாகவே வளர்கிறது; நன்னீர் மீனுக்குக் கடல்மீன் அளவுக்கு அது வேண்டியதில்லை. அப்புறம், செம்பனை எண்ணெயின் வைட்டமின் ஈ சதையில் படிந்து, கொழுப்பு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும். ஐஸ் பெட்டியோடு சந்தைக்குப் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

குறை, சாப்பிடுகிறவருக்குத்தான். தின்ற எண்ணெயின் சாயல் மீனின் கொழுப்பில் ஏறிவிடும், ஒமேகா-3 குறையும். பிடிப்பதற்கு முன் சில வாரங்கள் மீன் எண்ணெய்க்கு மாற்றினால் ஓரளவு மீளும். நானாக இருந்தால் வளரும்வரை செம்பனை, கடைசியில் மீன் எண்ணெய்.

"ரெண்டு டின்னை எங்கப்பா வைக்கிறது?" என்கிறார் மாமா.