பசிபிகோ எழுத்துரு: பல ஆண்டுகள் பழகிய பிறகு

பசிபிகோவை இனித் தொடமாட்டேன் என்று சொல்லும் வடிவமைப்பாளர்கள் என் நட்பு வட்டத்தில் அதிகம். பேக்கரிப் பெயர்ப்பலகை, பிறந்தநாள் பேனர், ஜூஸ் கடை மெனு என்று திரும்பிய பக்கமெல்லாம் அதே வளைவுகள் தென்பட்டால் யாருக்கும் சலிக்கும்தான். அதை எழுத்துருவின் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, வணிக வேலைக்கும் தடையில்லை. அப்படியிருந்தால் ஊரே எடுத்துப் பயன்படுத்தத்தானே செய்யும்?

1950களின் அமெரிக்க அலைச்சறுக்குக் கலாசாரத்தின் சாயலில் வெர்னான் ஆடம்ஸ் 2011இல் உருவாக்கியது இது. தூரிகையை எடுக்காமல் ஒரே மூச்சில் எழுதியது போன்ற தடித்த கோடு, உருண்ட முனைகள். தடிமன் ஒன்றே ஒன்றுதான். 2017இல் ஜாக் லே பாயி இதை மறுபடி வரைந்து சீராக்கினார்; ரஷ்ய மொழி போன்றவற்றுக்கான சிரிலிக் எழுத்துகளும் அப்போது சேர்ந்தன. அதற்கு முந்தைய கோப்பு கணினியில் கிடந்தால் நீக்கிவிட்டுப் புதியதைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

எழுத்தும் எழுத்தும் கைகோக்கும் இடத்தில்தான் இதன் அழகு இருக்கிறது, தொல்லையும் அங்கேதான். எழுத்து இடைவெளியைச் சற்றுக் கூட்டினாலே இணைப்பு அறுந்துவிடும். “எல்லாவற்றையும் கேப்பிட்டலில் போடுங்கள் சார்” என்பார் வாடிக்கையாளர். போட்டுக் காட்டினால் அவராலேயே படிக்க முடியாது. வெளிக்கோடு கொடுத்தால் ஓர் எழுத்தின் வால் அடுத்ததன்மேல் ஏறியிருப்பது பளிச்சென்று தெரியும். வினைல் ஸ்டிக்கர் வெட்டும்போது இது இன்னும் மோசம். இயந்திரத்தின் கத்தி ஒவ்வொரு இணைப்பிலும் குறுக்கே வெட்டும். கண்ணாடியில் ஒட்டப் போனால் கடைப்பெயர் துண்டு துண்டாகக் கையோடு வரும். கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் வெல்ட் செய்து, முழுப்பெயரையும் ஒரே வடிவமாக்கிய பிறகே கோப்பை அனுப்புவேன். அச்சகத்தில் செய்துகொள்வார்கள் என்று விட்டுவிட வேண்டாம்.

வரி இடைவெளியும் தானாக விட்டால் தாராளமாக வரும், எழுத்தளவைப் போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. இரண்டு வரிப் பெயரென்றால் கையால் நெருக்கி, மேல் வரியின் வால்கள் கீழ் வரியில் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கில ‘ஓ’ அடுத்தடுத்து வந்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே என்பதால் கையெழுத்து என்ற மயக்கம் கொஞ்சம் கலையும். பெரிய பலகைக்கு ஒன்றை மட்டும் லேசாக மாற்றி வரைந்துவிடுகிறேன்.

இதில் தமிழ் எழுத்துகள் கிடையாது. தட்டச்சு செய்தால் மென்பொருள் தன் விருப்பத்துக்கு வேறொரு எழுத்துருவைக் கொண்டுவந்து நிறுத்தும். இருமொழிப் பலகைகளுக்கு பலூ தம்பி என்ற தமிழ் எழுத்துருவைத்தான் துணை சேர்க்கிறேன். அதன் உருண்டு திரண்ட கோடு இதற்கு ஈடுகொடுக்கிறது. கவிவாணர் எழுத்துருவில் கையெழுத்துச் சாயல் உண்டு, எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் பசிபிகோவின் பக்கத்தில் இளைத்துப்போய்த் தெரிகிறது.

மூன்று சொல்லுக்கு மேல் நான் இதில் எழுதுவதில்லை. முகவரி, கைபேசி எண், விலைப்பட்டியல் எல்லாவற்றுக்கும் சாதாரண எழுத்துருவே நல்லது. கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கு இதையே கேட்டு வருபவர்களும் உண்டு. ஐஸ்கிரீம் கடைக்குரிய குதூகலம் முகூர்த்தப் பத்திரிகைக்கு எதற்கு என்று சொல்லி, வேறு நான்கைந்து மாதிரிகளைக் காட்டுவேன். அப்படியும் பாதிப் பேர் இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.